மூடி உட்காராத ஜாடி

லவீனா வீட்டு ஆப்பிள் மரத்துக்கு என் மேல் என்ன கோபமோ தெரியாது. நான் வேனை அதன் கீழே நிறுத்துகிற அன்றைக்குத்தான் பழத்தைக் கொட்டித் தீர்க்கும். அந்த வருஷமும் அப்படித்தான். செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை, காலை ஏழு மணி. முந்தின ராத்திரி பெய்த மழையில் புல்லெல்லாம் சொதசொதவென்று இருந்தது. நான் இன்ஜினை அணைத்ததுமே கூரையில் டம் டம்மென்று நாலு பழம் விழுந்தது.

பின் சீட்டில் இருந்த லவீனாவின் மூத்த மகள் சலோமா இறங்கவில்லை.

"இறங்கு தாயி. வண்டியிலயே உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கப் போறியா?" என்றேன்.

"ஒரு நிமிஷம் நார்மாக்கா. அப்பா இருக்காரான்னு பாருங்களேன்."

"உங்கப்பா பக்கத்துப் பண்ணையில சோளத்தட்டை வெட்டப் போயிருக்காரு. சாயங்காலம் பால் கறக்கத்தான் வருவாரு. உங்கம்மா விசாரிச்சு வச்சுத்தான் இன்னைக்கு நாள் குறிச்சிருக்கா."

அதற்கப்புறம்தான் கதவைத் திறந்தாள்.

பென்சில்வேனியாவின் இந்தப் பள்ளத்தாக்கில் இருபத்திரண்டு வருஷமாக நான் ஆமிஷ் குடும்பங்களுக்கு வேன் ஓட்டுகிறேன். அவர்கள் குதிரை வண்டிக்காரர்கள். சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் அடுத்தவள் காரில் ஏறி உட்காரலாம். நான் அந்த அடுத்தவள். ஆமிஷ் அல்லாத எல்லோரையும் இங்கிலீஷ்காரர்கள் என்றுதான் சொல்வார்கள்; பிறந்தது முதல் இதே மண்ணைத் தின்று வளர்ந்திருந்தாலும் அவர்களுக்கு நான் இங்கிலீஷ்காரிதான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டுப் பிரசவத்துக்கும் சாவுக்கும் என் வண்டிதான் போயிருக்கிறது.

சலோமா பத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்தாள். இருபத்தொன்றில் நர்ஸ் படிப்பு படிக்க வேண்டும் என்று வீட்டை விட்டுப் போனாள். எட்டாம் வகுப்புக்கு மேல் அவர்களில் யாரும் படிப்பதில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்னால் போயிருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பார்கள். முட்டி போட்டு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனதால் சபை அவளை விலக்கி வைத்தது. அதைச் சொல்லப் போக வேண்டியவர் சபையின் டீக்கன். டீக்கன் யார் என்றால் அவளைப் பெற்ற ஏனோஸ். நாற்பது மைல் தள்ளி டவுனில் அவள் தங்கியிருந்த அறைக்கு அவரைக் கூட்டிப்போனது நான்தான். வாசலில் நின்று நாலு வார்த்தை சொன்னார், திரும்பி வந்து வேனில் ஏறினார். பாதி வழியில் நிறுத்தச் சொல்லி இறங்கி, யாருடைய வயலோ, அதன் ஓரத்தில் கால் மணி நேரம் நின்றார். நான் ரேடியோவைக்கூடப் போடவில்லை. இது நடந்து ஆறு வருஷம்.

விலக்கப்பட்டவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. அவளுக்குக் கொடுக்கலாம், கொடுப்பதற்குத் தடை இல்லை. வாங்கத்தான் கூடாது.

இளையவள் வெர்னாவுக்கு நவம்பரில் கல்யாணம். முந்நூற்றைம்பது பேர் பந்திக்கு எண்பது ஜாடி ஆப்பிள் சாஸ் வேண்டும். லவீனாவோ குதிரை வண்டிப் படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு இருந்தாள். உதவிக்கு ஆள் கிடைக்காமல் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் இருபது பெண்கள் கத்தியோடு வந்து நின்றிருப்பார்கள். லவீனா அத்தனை பேரையும் தட்டிக் கழித்துவிட்டு வீட்டுக்குள் டெலிபோன் வைக்கக் கூடாது என்று சாலையோரம் போட்டிருக்கிற டெலிபோன் கொட்டகையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"கல்யாணத்துக்கு வரமாட்டேன்னுட்டா நார்மா. அத்தனை சனத்துக்கு முன்னாடி தனி மேசையில உட்கார மாட்டாளாம். நியாயம்தானே, யாருதான் உட்காருவா? அவ கை பட்டதாவது பந்தியில இருக்கட்டும். கூட்டிட்டு வா."

"ஏனோஸ் என்ன சொன்னாரு?"

"வேலை செய்யட்டும், எல்லாம் ஒழுங்குப்படி நடக்கணும்னாரு. அவரு அதுக்கு மேல என்ன சொல்ல முடியும்?"

துணி துவைக்கும் கொட்டகையில் நெருப்பு ஏற்கெனவே பிடித்திருந்தது. ஒரு அடுப்பில் பழம் வேக வைக்கும் பெரிய கெட்டில், இன்னொன்றில் ஜாடி கொதிக்க வைக்கும் தண்ணீர். நடுவில் நீளமாகப் பலகை மேசை. லவீனா மகளைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை, அது அவர்கள் வழக்கமில்லை. நல்ல கையால் ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இளைச்சுட்டே. முதியோர் இல்லத்துக் கிழவங்களுக்குச் சோறூட்டி ஊட்டி உனக்குச் சாப்பிட நேரமில்லையா?"

"நீங்கதான் இளைச்சிருக்கீங்க. கை வலி இருக்கா?"

"வலியெல்லாம் இல்லை. அரிப்புதான். உள்ள ஏதோ எறும்பு குடும்பம் நடத்துது."

வெர்னா சிரித்தாள். அவள் தோட்டத்தில் அந்த வருஷம் மூன்று மடங்கு செலரிக் கீரை போட்டிருந்தாள், கல்யாணப் பந்திக்கு. சபையில் அறிவிக்கும்வரை கல்யாணத்தை வெளியே சொல்ல மாட்டார்கள்; ஆனாலும் அந்தச் செலரிப் பாத்தியைப் பார்த்தே ஊரில் எல்லோரும் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டு, வாய் திறக்காமல் கண்ணால் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

வேலை தொடங்கியது. பழத்தைக் கழுவி நாலாக நறுக்கிப் போட வேண்டும். தோல் சீவ வேண்டாம், விதை எடுக்க வேண்டாம். ஸ்மோக்ஹவுஸ் என்கிற பழம், பச்சையில் சிவப்புக் கோடு ஓடியிருக்கும். குழைய வெந்ததும் கைப்பிடி சுற்றுகிற சல்லடையில் ஊற்றிச் சுற்றினால் தோலும் விதையும் ஒரு பக்கம் வரும், கூழ் ஒரு பக்கம் வரும். சர்க்கரை போட்டு மறுபடி ஒரு கொதி. சூட்டோடு ஜாடியில் நிரப்பி, விளிம்பைத் துடைத்து, மூடி வைத்து, வளையம் திருகி, கொதி தண்ணீரில் இருபது நிமிஷம். விளிம்பில் ஒரு பொட்டு கூழ் ஒட்டியிருந்தாலும் மூடி உட்காராது, உள்ளே காற்றுப் புகுந்துவிடும். துடைக்கிற வேலையை லவீனா யாரிடமும் விடமாட்டாள், ஒரு கையோடும் விடவில்லை.

முதல் கெட்டிலுக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு நடை படிந்துவிட்டது. லவீனா காலி ஜாடியை எடுத்து நேராக சலோமா கையில் கொடுப்பாள். சலோமா நிரப்பி மேசையில் வைத்து, கையை எடுத்துவிடுவாள். அதற்குப் பிறகுதான் லவீனா எடுப்பாள். போகும்போது கையிலிருந்து கைக்கு, வரும்போது மேசை வழியாக. யாரும் தடுமாறவில்லை. பார்க்கிற எனக்குத்தான் எரிச்சலாக வந்தது. நடுவில் அந்தப் பலகையைத் தூக்கி அடுப்பில் போட்டால் என்ன என்று தோன்றியது. இங்கிலீஷ்காரிக்கு அப்படித்தான் தோன்றும்.

"என்ன நார்மா, உம்முனு இருக்கே? கத்தி மொட்டையா?" என்றாள் லவீனா.

"கத்தி சரியாத்தான் இருக்கு. என் வாய்தான் மொட்டையாகிடுச்சு இன்னைக்கு."

"அப்ப ஆண்டவர் இந்த வீட்டுக்கு நல்லது செஞ்சிருக்காருன்னு அர்த்தம்."

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில்தான் அவள் கெட்டிக்காரத்தனம் எனக்குப் புரிந்தது. ரொட்டி, பன்றித் தொடை இறைச்சி, பீட்ரூட் புளிக்காடியில் ஊறிச் சிவந்த முட்டை, எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"இன்னைக்கு யாரும் உட்கார வேணாம். வேலை தலைக்கு மேல கிடக்கு. நின்னுக்கிட்டே ஆளுக்கு எடுத்துத் தின்னுங்க."

மேசையே இல்லையென்றால் தனி மேசை எப்படி வரும்? அம்மாவும் இரண்டு மகள்களும் வாசல்படியில் தோளோடு தோள் நின்று, வெளியே விழுகிற பழங்களைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஆறு வருஷம் கழித்து. நான் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றேன்.

"வெர்னா, மாப்பிள்ளை எப்படி? தாடி முளைக்குமா?" என்றாள் சலோமா.

கல்யாணம் ஆனால்தான் அவர்களில் ஆண்கள் தாடி வளர்ப்பார்கள். அந்தப் பையன் முகம் பூசணிக்காய் மாதிரி வழவழவென்றிருக்கும்.

"முளைக்கும் முளைக்கும். முளைக்காட்டி மையில வரைஞ்சுக்கறோம்."

"நான் பார்க்கவா போறேன்."

வெர்னாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "வாயேன்க்கா. எனக்குன்னு இருக்கறது ஒரே அக்கா."

"சின்னப் புள்ளைங்ககூட விரலை நீட்டும் வெர்னா. யாரது, ஏன் அவங்க மட்டும் தனியான்னு கேக்கும். அதுக்குப் பதில் சொல்ல அப்பா அங்க நிப்பாரு. அவருக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அன்னைக்கு என் ரூம் வாசல்ல நின்னாரே, என் மூஞ்சியக்கூடப் பார்க்கலை. கதவு நிலையைப் பார்த்துக்கிட்டே சொல்லிட்டுப் போனாரு."

லவீனா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாவது கெட்டில் ஏறும்போது மணி நாலு. வெயில் சாய்ந்து குளிர் இறங்கியிருந்தது. கொஞ்சம் முன்னால் இறக்கிய ஜாடிகள் துண்டின் மேல் வரிசையாக ஆறிக்கொண்டு, ஒவ்வொன்றாக டக் டக்கென்று மூடி உள்ளே இழுத்து உட்கார்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு டக்குக்கும் லவீனா உதட்டுக்குள் எண்ணினாள். கூழ் திடீரென்று பொங்கி மேலே வந்தது. சலோமா விறகை வெளியே இழுத்தாள், கிண்டினாள், சர்க்கரையை அள்ளிப் போட்டாள்.

அந்த வீட்டில் சர்க்கரை அளவு என்று எழுதி வைத்தது எதுவும் கிடையாது. லவீனாவின் நாக்குதான் அளவு. அதற்கு முந்தின இரண்டு கெட்டிலுக்கும் சலோமா கரண்டியைச் சாசரில் வைத்து மேசைக்கு நகர்த்தினாள், லவீனா எடுத்து ருசி பார்த்தாள். இந்தத் தடவை கெட்டில் பொங்குகிற அவசரம். சலோமா மரக்கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, கீழே சிந்தாமல் இடது கையை அடியில் பிடித்து நீட்டினாள்.

"அம்மா, பாருங்க."

லவீனாவின் ஒரு கை மாவுக்கட்டில், ஒரு கையில் ஜாடி. குனிந்தாள், வாயைத் திறந்தாள், மகள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடி ருசி பார்த்தாள்.

"இன்னும் ஒரு கை போடு."

வெர்னா சுற்றிக்கொண்டிருந்த கைப்பிடி நின்றது. சலோமா கரண்டியை நீட்டினபடியே நின்றாள். நான் வாசல் பக்கம் திரும்பினேன். ஏனோஸ் அங்கே நின்றுகொண்டிருந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. சோளத்தட்டைத் தூசி தாடியெல்லாம். கை கழுவ வந்திருக்கிறார்.

லவீனா ஜாடியைக் கீழே வைத்தாள்.

"பார்த்துட்டீங்களா?"

"பார்த்தேன்."

"மறந்துட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "இல்லை. மறந்தேன்னு சொன்னா அது பொய். அவ நீட்டினா, வாய் திறந்துச்சு. அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கிழமை ஆலோசனைக் கூட்டம் லவீனா."

"தெரியும். யாரும் சொல்ல வேண்டாம். நானே எழுந்து சொல்றேன்."

வெர்னா ஏப்ரனை முகத்தில் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். சபையார் ஒன்றாக அப்பமும் திராட்சரசமும் எடுக்கிற திருவிருந்துக்கு முன்னால் நடக்கிற கூட்டம் அது. ஒரு மனத்தாங்கல், ஒரு மீறல் பாக்கி இருந்தாலும் திருவிருந்து தள்ளிப்போகும். திருவிருந்து நடக்காமல் கல்யாணத்தை சபையில் அறிவிக்க மாட்டார்கள். லவீனா எல்லோர் முன்னாலும் முட்டி போட வேண்டும், சபை ஏற்க வேண்டும். ஏற்றால்தான் வெர்னாவுக்குக் கல்யாணம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு கரண்டி ஆப்பிளுக்கா ஏனோஸ் இத்தனையும்?"

"கரண்டி சின்னதுதான் நார்மா," என்றார் அவர், கோபமில்லாமல். "நாங்க வாக்குக் குடுத்தது கரண்டிக்கு இல்லையே."

சலோமா ஏப்ரனை அவிழ்த்தாள். "நான் வந்திருக்கவே கூடாது. என்னைக் கொண்டுபோய் விட்டுடுங்க நார்மாக்கா."

"கெட்டில்ல அடி பிடிக்குதுடி," என்றாள் லவீனா. "முதல்ல கிண்டு. போறதை அப்புறம் பாக்கலாம்."

சலோமா அழுதுகொண்டே கிண்டினாள். லவீனா சொன்ன அந்த ஒரு கை சர்க்கரையையும் போட்டாள். ஏனோஸ் கை கழுவாமலே மாட்டுக்கொட்டிலுக்குப் போனார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கோவேறு கழுதை உதைத்ததில் அவருக்கு இடது முட்டி போயிற்று. அன்றைக்கு அதை ரொம்பவும் இழுத்து நடந்த மாதிரி இருந்தது.

ஆறு மணிக்கு எண்பத்துநாலு ஜாடி. லவீனா ஆறினதையெல்லாம் ஒவ்வொரு மூடியாக விரலால் அழுத்திப் பார்த்தாள். காலையில் இறக்கியதில் ஒன்று மட்டும் டிக்கென்று உள்ளே போய் டிக்கென்று மேலே வந்தது. மூடி உட்காரவில்லை. அதை வைத்திருக்க முடியாது, உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

"நீ எடுத்துட்டுப் போ," என்று மகள் கையில் கொடுத்தாள். கொடுக்கலாம் அல்லவா.

வேனில் ஏறி உட்கார்ந்த நேரம் ஏனோஸ் பால் கேனோடு வந்தார். சலோமா மடியிலிருந்த ஜாடியைப் பார்த்தாள். அவள் முகம் இறுகியிருந்தது.

"இது கல்யாண வீட்டுச் சாமான்ப்பா. எனக்கு எதுக்கு, தனியா உட்கார்ந்து தின்னவா? மூடி உட்காரலை. நீங்களே சாப்பிட்டுடுங்க."

சொல்லிவிட்டு, தரையில் வைப்பதற்காகக் கதவு வழியாகக் குனிந்தாள். ஏனோஸ் பால் கேனைக் கீழே வைத்தார். அவள் கை தரையைத் தொடுவதற்கு முன்னால் தன் கையை நீட்டி ஜாடியை வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கினார். அவள் விரல்மேல் அவர் விரல் ஒரு கணம் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார்.

"மூடி உட்காரலைன்னா வச்சிருக்கக் கூடாது," என்றார். "இன்னைக்கே சாப்பிட்டாகணும்."

திரும்பி நடந்துவிட்டார்.

பத்து மைல் போனதும் சலோமா முன்னால் சாய்ந்தாள். "அப்பா மறந்துட்டாரு போலிருக்கு நார்மாக்கா. கைல வாங்கிட்டாரு."

"அசதி. நாள் பூரா சோளத்தட்டை தூக்கின ஆளு."

"இப்ப ஒழுங்கை மீறினவங்க ரெண்டு பேரு. நான் ஒரு நாள் வந்ததுக்கு ரெண்டு பேரு." டவுன் வந்தது. இறங்கும்போது, "கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வந்துடாதீங்க. நான் வரலை," என்றாள்.

திங்கட்கிழமை வெர்னாவைத் துணிக்கடைக்கு அழைத்துப்போனேன். கல்யாண உடைக்கு நீலத்துணி எடுக்க. துணி எடுக்கிறாள் என்றதுமே பாதி மூச்சு வந்தது. மீதியை வண்டியில் அவளே சொன்னாள்.

"அம்மா எழுந்து சொன்னாங்க. பிஷப் முன்னாடி வரச் சொன்னாரு. போய் முட்டி போட்டாங்க, ஒத்தக் கையை ஊன்றி. எனக்கு உயிரே போயிடுச்சு. பிஷப் பேச வாயெடுத்தாரு, அதுக்குள்ள ஆம்பளைங்க பக்கத்துல பெஞ்சு சத்தம். பார்த்தா அப்பா எழுந்து வராரு. டீக்கனாச்சே, ஏதோ சொல்ல வராருன்னு நினைச்சோம். வந்து அம்மா பக்கத்துல, அந்த முட்டியோட, மெதுவா இறங்கி மண்டி போட்டாரு. 'நானும் அவ கையிலருந்து வாங்கினேன்'ன்னாரு."

"பிஷப் என்ன சொன்னாரு?"

"மறதியான்னு கேட்டாரு. 'இல்லை. தெரிஞ்சே வாங்கினேன்'ன்னாரு. ஏன்னு கேட்டாரு. அப்பா அம்மா பக்கம் திரும்பிப் பார்த்தாரு. அப்புறம், 'லவீனா இங்க முட்டி போட்டிருக்க, நான் அங்க பெஞ்சுல உட்கார்ந்து பாக்க முடியாது. ஒரு தடவை தனியா போய் சொல்லிட்டு வந்தேன், அதுவே போதும்'ன்னாரு. ஒரு குழந்தைகூட அழலை நார்மாக்கா, அத்தனை சனத்துல."

"வருத்தப்படறீங்களான்னு கேட்டிருப்பாங்களே."

"கேட்டாங்க. 'சபையோட ஒழுங்கை மீறினதுக்கு வருத்தப்படறேன்'ன்னாங்க ரெண்டு பேரும். ஜாடி வாங்கினதுக்குன்னு அப்பா சொல்லலை. பிஷப்பும் அதைக் கேக்கலை. சபை ஏத்துக்கிச்சு. பிஷப் கை குடுத்துத் தூக்கணும், அதான் வழக்கம். அப்பாவால ஒரே தடவையில எழுந்திருக்க முடியலை. ரெண்டாவது தடவைதான் வந்தாரு."

துணிக்கடையில் அவள் நீலத்தில் எட்டு வகை பார்த்தாள். எனக்கு எல்லாம் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது, கண் அப்படி இருந்தது.

இதை டெலிபோனில் சொல்லக் கூடாது என்று செவ்வாய்க்கிழமை நானே நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு போனேன். முதியோர் இல்லத்தின் பின்பக்கம், சமையல்கட்டுக் கதவுக்கு வெளியே சலோமா நின்று கேட்டாள். கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"அந்த முட்டியோடவா?"

"அந்த முட்டியோடத்தான்."

"ஜாடியை என்ன பண்ணினாராம்?"

"அன்னைக்கு ராத்திரியே சாப்பிட்டாராம். உங்கம்மாவுக்கு ரெண்டு கரண்டிதான் குடுத்தாராம். மிச்சம் பூரா அவரே. வழிச்சு வழிச்சு."

அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்ளே யாரோ ஒரு கிழவர் நர்ஸ் நர்ஸ் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தனி மேசைதானே நார்மாக்கா?"

"தனி மேசைதான். அதுல மாத்தமில்லை. நாலு விரல் இடைவெளி விடுவாங்களாம். ரெண்டு மேசைக்கும் சேர்த்து ஒரே விரிப்பு போடறேன்னு உங்கம்மா சொல்லச் சொன்னா."

முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாணத்தன்னைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

"எட்டரைக்கு ஆராதனை. ஆறு மணிக்கு நான் இங்க இருப்பேன்."

"அஞ்சுக்கு வாங்க," என்றாள். "எண்பத்துமூணு ஜாடி திறக்கணும். அம்மாவுக்குக் கை இன்னும் சரியா வந்திருக்காது."